ரெண்டு எஞ்சின்

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க சார். அந்த ஃபேனுக்குக் கீழ உக்காந்து பேசினா கவுன்ட்டர் வரைக்கும் கேக்கும். காலையிலயே சோதிச்சுப் பாத்துட்டேன். அந்தப் பொண்ணு போன்ல மெதுவாப் பேசினது எனக்கு இங்க கேட்டுச்சுன்னா நான் பேசுறதும் அவளுக்குக் கேக்கும்தானே. போனைக் கவுத்து வெச்சிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, பழக்க தோஷம்.

உங்களுக்கு யாரு உள்ள, வீட்டம்மாவா? முழங்காலா? அது ஒண்ணும் பயமில்ல, இப்ப எல்லாரும் பண்ணிக்கிறாங்க. எனக்கு மக. நித்யகல்யாணின்னு பேரு. முதுகெலும்புல ஆபரேஷன். விடியக் கருக்கல்ல உள்ள கொண்டு போனாங்க, இன்னும் ஒரு தகவலும் இல்ல. கேட்டா டாக்டர் வந்து சொல்வாருங்கிறாங்க. எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்க பாருங்க, அப்ப சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

எங்களுக்கு இந்த ஊரு இல்ல. தீவு. தனி நாடு. பேரு வேணாமே, சொன்னா நீங்க போன்ல தேடுவீங்க. கரும்பு வெட்டப் போன சனங்க நாங்க, முருகன் கோயில் இருக்கு, மாதா கோயில் இருக்கு, தமிழ்ல பேசி தமிழ்லயே சண்டை போட்டுக்குவோம். ரொம்பச் சின்ன நாடு சார். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா பாதி அமைச்சரவை பந்தியில உக்காந்திருக்கும். பெரிய வியாதின்னா மட்டும் சென்னைக்கு வந்திடுவோம்.

கல்யாணி விமானப்படையில பைலட். சிரிக்காதீங்க, சின்ன நாட்டுக்கும் விமானப்படை உண்டு. அதுல போர் விமானம் ஓட்டுற முதல் பொண்ணு என் மக. அம்மா இல்லாம வளந்த பிள்ளை, நான்தான் தலை பின்னி விட்டு ஸ்கூலுக்கு அனுப்பினேன். நான் பாதுகாப்பு அமைச்சகத்துல கண்காணிப்பு அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவன். குழந்தைவேலு வர்றான்னா எங்க ஆபீஸ்ல டீ கிளாஸைக்கூட ஒளிச்சு வெப்பாங்க, யார் வாங்கிக் குடுத்ததுன்னு நான் கேப்பேன்னு. நான் சந்தேகப்படுற ஆள் இல்ல சார், விசாரிக்கிறவன். ரெண்டும் வேற வேற.

அதோ, தூணோரமா நிக்கிறாரே, நீலச் சட்டை. தலையைத் திருப்பாதீங்க. மெதுவாப் பாருங்க. அவர்தான் விங் கமாண்டர் இருதயராஜ். சொந்த லீவு போட்டு, சொந்தச் செலவுல டிக்கெட் எடுத்து எங்க பின்னாடியே வந்திருக்கார். ஏன் வரணும்? யார் கூப்பிட்டா? அதைத்தான் நேத்துலேருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன். சொல்றேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

எங்ககிட்ட இருந்த போர் விமானமெல்லாம் கிழடு தட்டிப் போச்சு. புதுசு வாங்கணும்னு முடிவு பண்ணாங்க. ஒரே விமானம் எல்லா வேலையும் பாக்கணும். கடல்ல திருட்டுத்தனமா மீன் பிடிக்க வர்ற கப்பலை விரட்டணும், எவனாவது மேல வந்தா சண்டை போடணும், தேவைப்பட்டா குண்டும் போடணும். அஞ்சாறு வகை வாங்கி வெக்க எங்க நாட்டுக்கு வசதி ஏது? கடைசியில ரெண்டு விமானம் போட்டிக்கு நின்னுச்சு. ஒண்ணு ஒரு எஞ்சின், குளிர் தேசத்துக்காரன் செஞ்சது. இன்னொண்ணு ரெண்டு எஞ்சின், பெரிய நாட்டுக்காரன் செஞ்சது. கம்பெனிப் பேரை யாரும் வெளியில சொல்லக் கூடாதுன்னு நான்தான் உத்தரவு போட்டேன். அதனால சின்னது, பெரிசுன்னுதான் பேச்சு.

தேர்வு பண்ண ஒரு கமிட்டி. அந்தக் கமிட்டி கெட்டுப் போகாம பாத்துக்க நான். கம்பெனிக்காரன் கையால ஒரு பேனா வாங்கக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது. கூட்டத்துக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டுத் தண்ணி பாட்டிலோடதான் வரணும். கம்பெனிக்காரன் தட்டுல முந்திரி பிஸ்கட்டை அடுக்கி வெச்சுட்டு எங்க மூஞ்சியையே பாப்பான். எங்க அமைச்சகச் செயலாளரே ஒரு தடவை கையை நீட்டினார், நான் இருமினேன், கையை இழுத்துக்கிட்டார். அப்படிப்பட்ட கெடுபிடி. என் மக உக்காரப் போற சீட்டு சார் அது. எவனோ பிஸ்கட் தின்னுட்டு எடுக்குற முடிவுல என் பிள்ளையை நான் எப்படி ஏத்தி விடுவேன்?

இருதயராஜ் அந்தக் கமிட்டியில இருந்த பைலட். ரெண்டையும் ஓட்டிப் பாக்க அவரைத்தான் அனுப்பினோம். கல்யாணிக்குப் பறக்கச் சொல்லிக் குடுத்தவரும் அவர்தான். அவ வாயைத் திறந்தா இருதயராஜ் சார் சொன்னாரு, இருதயராஜ் சார் சொன்னாருன்னுதான் வரும். சோத்துல உப்பு போதலேன்னு சொன்னாக் கூட அதுக்கும் இருதயராஜ் சார் என்னமோ சொல்லியிருப்பார்.

முதல்ல பெரிசை ஓட்டிட்டு வந்தார். முகத்துல ஈயாடல. அப்புறம் குளிர் தேசத்துக்குப் போய் சின்னதை ஓட்டிட்டு வந்தார். ஏர்போர்ட்டுல இறங்கும்போதே சிரிப்பு. ஏன் சார் சிரிக்கணும்? அரசாங்க வேலையாப் போன மனுஷன் அலுத்துச் சலிச்சில்ல வரணும்? அங்கயே ஓரமா கூட்டிட்டுப் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

பெட்டியைத் திறக்கணும்னு எனக்குத் தோணினதுக்கே ஒரு காரணம் உண்டு. பத்மநாபன்னு ஒரு நண்பர், கோயில்ல பழக்கம். ஏற்றுமதி இறக்குமதி பண்றவர். தங்கமான மனுஷன். வெள்ளிக்கிழமை தவறாம முருகன் கோயிலுக்கு வருவார், என் பக்கத்துல உக்காருவார். கல்யாணி பேருக்கு அவராவே அர்ச்சனை பண்ணி வெச்சிருப்பார், நட்சத்திரத்தைக்கூட மறக்காம. பஞ்சாமிர்தம் ஒரு டப்பா என் கையில குடுத்துட்டுத்தான் போவார். நான் யார்கிட்டயும் எதுவும் வாங்காதவன், ஆனா சாமி பிரசாதத்தை வேணாம்னு சொல்ல முடியுமா? அது கணக்குல வராது.

அவர் ஒரு தடவைகூட விமானத்தைப் பத்திப் பேசினது கிடையாது. அதைத்தான் நீங்க கவனிக்கணும். நானே ஒரு நாள் வாய் தவறி ஆபீஸ்ல இப்படி ஒரு தலைவலின்னு ஆரம்பிச்சேன், காதைப் பொத்திக்கிட்டார். "ராஜ ரகசியம் எனக்கெதுக்குங்க"ன்னுட்டார். இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளைப் பாத்திருக்கீங்களா? பொதுவாத்தான் பேசுவார். அவர் மச்சானுக்கு மீன்பிடி போட் இருக்காம், ஒரே எஞ்சினாம், நடுக்கடல்ல நின்னு போய் ராத்திரி முழுக்கத் தத்தளிச்சாராம். "ரெண்டு எஞ்சின் இருந்திருந்தா ஒண்ணு போனா ஒண்ணுல வந்திருப்பான். பெத்தவங்களுக்குத்தான் தெரியும் அந்த வயித்தெரிச்சல்"ன்னார். அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. எங்க நாட்டைச் சுத்தி எங்க பாத்தாலும் கடல்தானே. கல்யாணி பறக்குறதும் கடல் மேலதானே.

இன்னொரு நாள் அவர் சொன்னார், "குளிர் நாட்டுக்காரங்க ரொம்ப உபசாரம் பண்ணுவாங்க, அங்க போறவங்க யாரும் வெறுங்கையோட திரும்ப மாட்டாங்க." யாரையும் குறிச்சுச் சொல்லல. வியாபார விஷயமா வந்த பேச்சு. ஆனா எனக்குள்ள ஒரு மணி அடிச்சுது.

பெட்டியில என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு கம்பளித் தொப்பி. கையால பின்னினது, மஞ்சள் நிறம். எங்க ஊர்ல வருஷம் முழுக்க வேர்த்து ஊத்தும் சார், பனியன் போட்டாலே எரியும். அங்க கம்பளித் தொப்பி எதுக்கு? பில் எங்கன்னு கேட்டேன். பில் இல்ல சார்னார். அங்க விமானத்தைக் கழுவித் துடைக்கிற பிரிவுல ஒரு வயசான அம்மா பின்னிக் குடுத்ததாம். அவர் வீட்டுக்காரம்மாவுக்கு அப்ப உடம்பு சரியில்ல. புத்துநோய். மருந்து ஏத்தி ஏத்தி முடியெல்லாம் கொட்டிப் போச்சு, தலையில ஏசி காத்துப் பட்டாலே நடுங்குறாங்கன்னு பேச்சுவாக்குல சொன்னாராம், அந்தம்மா ரெண்டு நாள்ல பின்னிக் குடுத்துட்டாங்களாம். அது தனி விஷயம். அந்தம்மா யாருகிட்ட சம்பளம் வாங்குறாங்க? கம்பெனிகிட்ட. அப்ப தொப்பியைக் குடுத்தது யாரு? கம்பெனி.

அவர் எழுதின அறிக்கையும் அதுக்குத் தோதா இருந்துச்சு. சின்னதைத்தான் வாங்கணும்னு எழுதியிருந்தார். பெரிசு நல்ல விமானம்தான், ஆனா கனம், இறங்கும்போது வேகம் ஜாஸ்தி, நம்ம ரன்வே குட்டை, ரெண்டு முனையிலயும் கடல், மழை பெய்ஞ்சு ரன்வே வழுக்கினா நிக்காதுன்னு எழுதியிருந்தார். எங்க ஊர்ல எப்பப் பாத்தாலும் மழைதான், அது வேற. நான் கேட்டேன், "கம்பெனிக்காரனே நிக்கும்ங்கிறான், நீங்க ஏன் நிக்காதுங்கிறீங்க?" "நான் ஓட்டிப் பாத்தேன் சார்"னார். பாருங்க பதிலை.

விதின்னா விதி. கமிட்டியிலிருந்து அவரை எடுத்துட்டோம். பரிசு வாங்கினவர் எழுதின அறிக்கை செல்லாதுன்னு நான் குறிப்பு போட்டேன், அதையும் எடுத்துட்டோம். தொப்பியை சாட்சிப் பொருளா உறையில போட்டு சீல் வெச்சேன். அதுக்கப்புறம் கமிட்டியில சின்னதுக்கு ஆதரவா ஒருத்தரும் வாயைத் திறக்கல. திறந்தா நான் பாப்பேனே. எல்லாரும் ஒரே மனசா பெரிசுன்னாங்க. இத்தனை சுத்தமான தேர்வு எங்க நாட்டுல நடந்ததே இல்லன்னு செயலாளர் எனக்குக் கை குடுத்தார்.

கல்யாணி வீட்டுல என்கூட பேசுறதை நிறுத்தினா. தட்டை வெச்சா சாப்பிடுவா, கேட்டதுக்கு ஆமாம் இல்லன்னு பதில் வரும், அவ்வளவுதான். அவ மனசையும் அவர் கலைச்சிருக்கார்னு புரிஞ்சுக்கிட்டேன். ஒரே ஒரு தடவை சொன்னா, "அப்பா, அவருக்கு இந்த ஊர்ல இருக்கிறதே அந்த நல்ல பேரு ஒண்ணுதான்." பேருன்னா காப்பாத்திக்க வேண்டியதுதானேன்னு சொன்னேன்.

இருதயராஜைப் பறக்குற வேலையிலிருந்து எடுத்து ரன்வே பராமரிப்புக்குப் போட்டாங்க. புல்லு வெட்டுறது, தண்ணி வடிய விடுறது, பறவை விரட்டுறது. கொஞ்ச நாள்ல வீட்டுக்காரம்மாவும் தவறிட்டாங்க. நான் போனேன் சார், மாலை போட்டேன். பகை வேற, சாவு வேற. அன்னைக்கு அந்தக் கூட்டத்துல என்கிட்ட வந்து, "அந்தத் தொப்பியைக் குடுத்திடுங்க சார், அவளோட சவப்பெட்டியில வெச்சு அனுப்புறேன்"னார். மனைவி செத்துக் கிடக்கும்போது ஒரு மனுஷன் தொப்பியைக் கேப்பானா? விசாரணை முடியலைன்னு சொல்லிட்டேன். அடுத்த நாளே ஆபீஸுக்குப் போய் உறையைப் பிரிச்சேன். உள்ள என்னமோ வெச்சுத் தெச்சிருக்கணும்னு நூலை ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தேன். கடைசி வரைக்கும் நூல்தான். சாமர்த்தியசாலிங்க, முன்கூட்டியே எடுத்திருப்பாங்க.

பெரிசு வந்து இறங்கின அன்னைக்கு ஊரே விமான தளத்துல கூடிச்சு. பத்மநாபனைத்தான் காணல. ஒப்பந்தம் கையெழுத்தான மறுவாரமே அவருக்கு வெளிநாட்டுல நல்ல வேலை கிடைச்சு குடும்பத்தோட போயிட்டார். எந்த நாடுன்னு நினைக்கிறீங்க? பெரிசைச் செஞ்ச அதே நாடு. உலகம் எவ்வளவு சின்னது பாருங்க. நல்லவங்களுக்கு சாமி ஒரு வழியைக் காட்டும். போன் நம்பர் மாறிப் போச்சு போல, கிடைக்க மாட்டேங்குது. கல்யாணி விஷயம் தெரிஞ்சா துடிச்சுப் போவார்.

என் பிள்ளை அதுல ஏறி முதல் தடவை மேல போனப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. ரெண்டு எஞ்சினும் சேந்து சத்தம் போட்டுச்சு. நிம்மதியா இருந்துச்சு சார்.

அப்புறம் போன மாசம் அது நடந்துச்சு. நல்ல மழை. கடல்ல ரோந்து போயிட்டு இறங்கியிருக்கா. சக்கரம் தரையைத் தொட்டதும் வழுக்கிக்கிட்டே போயிருக்கு. பிரேக் பிடிக்குது, நிக்கல. ரன்வே முடிஞ்சு போச்சு. கடைசி நொடியில சீட்டோட மேல பிச்சுக்கிட்டு வந்துட்டா, விமானம் கடலுக்குள்ள போயிடுச்சு. அந்த சீட்டு வெடிச்சுத் தூக்குற வேகத்துல முதுகெலும்பு நொறுங்கிடுச்சு. பாராசூட்டோட தண்ணியில விழுந்தவளுக்கு நினைவில்ல, பாராசூட் துணி மேல சுத்திக்கிட்டுக் கீழ இழுக்குது. எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லன்னு விசாரணையில சொல்லிட்டாங்க. ரெண்டும் நல்லா ஓடியிருக்கு.

அவளை வெளியில இழுத்தது யாருங்கிறீங்க? இந்த இருதயராஜ்தான். ரன்வே முனையில பாறைக்குக் கீழ ஒரு ரப்பர் படகைக் கட்டி வெச்சிருந்தார். பெரிசு வந்த நாள்லேருந்து, மழை பெய்யுற அன்னைக்கெல்லாம் படகுல மோட்டரைப் போட்டுத் தயாரா வெச்சுக்கிட்டு அந்த முனையிலயே ஒரு தார்ப்பாய்க்குக் கீழ நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பாராம். யாரும் சொல்லல, உத்தரவு கிடையாது. இப்ப நீங்களே சொல்லுங்க. இப்படி நடக்கும்னு முன்னாடியே தெரியாம ஒருத்தர் எதுக்குப் படகைக் கட்டி வெச்சுக்கிட்டு உக்காரணும்?

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க?

இதைத்தான் விசாரணைக் குழுவுக்கும் எழுதிக் குடுத்தேன். பதிலே வரல. அவங்களையும் பிடிச்சுட்டார் போலிருக்கு. எனக்கு இப்ப யார் மேலயும் நம்பிக்கை இல்ல சார். ராத்திரி படுத்தா அந்தத் தண்ணிதான் கண்ணுக்குள்ள வருது. அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது குளிக்க மாட்டேன்னு ஓடுவா, மூஞ்சியில தண்ணி பட்டா ஆகாது.

காலையில ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்ப கையைப் பிடிச்சேன். ரொம்ப நாளைக்கப்புறம் அவளாவே என்கிட்ட பேசினா. "அப்பா, மழையில அது நிக்காதுன்னு சார் எழுதினதை நீங்க படிச்சீங்களா?" படிச்சேம்மா, ஆனா அந்த அறிக்கை செல்லாதே, அவர்தான் தொப்பி வாங்கிட்டாரேன்னேன். கையை உருவிக்கிட்டா. வலியில அப்படிப் பண்ணியிருப்பா. மயக்க மருந்து வேற குடுத்திருந்தாங்க.

இருங்க, கூப்பிடுறாங்க. நித்யகல்யாணிக்கு யாருன்னு கேக்குறாங்க. வந்துடறேன், என் பையைப் பாத்துக்கங்க. இல்ல, வேணாம், நானே எடுத்துக்கிறேன்.

ஒண்ணுமில்ல சார். உக்காருறேன்.

கண் முழிச்சுட்டாளாம். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம். கால் விரலை அசைக்கிறாளாம் சார். விரலை அசைக்கிறாளாம். நடந்திடுவாளாம், பறக்குறதைப் பத்தி இப்பச் சொல்ல முடியாதாம்.

ஒரே ஒருத்தர்தான் உள்ள போகலாமாம். நான்தான் அப்பான்னு முன்னாடி போனேன். அந்த நர்ஸ் பொண்ணு, "இருதயராஜ்னு யாருங்க, அவங்களை வரச் சொல்றாங்க"ன்னுது. அவர் தூணை விட்டு நகரல. "அப்பா இருக்காரும்மா, அவரை விடுங்க"ன்னார். நர்ஸ் மறுபடி உள்ள போய்க் கேட்டுட்டு வந்துச்சு. என் மூஞ்சியைப் பாக்காம, "அவங்களைத்தான் வரச் சொல்றாங்க"ன்னுது. அவர் என்னைத் தாண்டிப் போறப்ப ஒரு நிமிஷம் நின்னார். சாரின்னு சொன்னார் சார், என்கிட்ட.

என்ன தப்பு பண்ணியிருந்தா அந்த வார்த்தை வரும்? நீங்க கேட்டீங்கதானே, சாட்சி சொல்வீங்கதானே? என் பிள்ளை சார் அவ. நான் தலை பின்னி விட்டு வளத்த பிள்ளை.

பரவாயில்ல, அவரே போகட்டும். நான் இங்கயே இருக்கேன். அந்தக் கதவுக்கு வெளியில யாராவது ஒருத்தர் உக்காந்து யார் வர்றா யார் போறான்னு பாக்கணுமில்ல.